கிழிசல் சட்டை

முன்னாள் முதலாளித் தம்பிக்கு,

நேற்று கோர்ட்டில் உன் கோலத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சலவைக்கடைக்காரன், மெஷின் துடைக்கிற கிழிசல் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தாயே, சீ! உன்னை விட்டுப் பிரிந்தவளிடம் வளர்கிற பிள்ளைக்கு மாதாமாதம் பணம் கொடு என்று ஜட்ஜ் சொன்னதும், "கடை எங்க அக்காவோடதுங்கய்யா, நான் வெறும் கூலி" என்று மூக்கை உறிஞ்சினாய்.

அதையும் நம்பிவிட்டாள் உன் மகள். "அத்தை, அப்பாவுக்கு ஒரு நல்ல சட்டை வாங்கிக் குடுங்க" என்று என் காதைக் கடித்தாள்.

வரிக்கு வசதி என்று சொல்லித்தானே போன மாதம் கடையை என் பெயருக்கு மாற்றினாய்? நாலாங்கிளாஸ் அக்கா நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவாள் என்று நினைத்தாய். போட்டேன் ராசா. இப்போது ஜட்ஜுக்கே தெரியும், கடை என்னுடையது.

கடைக்குப் பூட்டு மாற்றிவிட்டேன். இனி லாபம் பிள்ளைக்கு, கூலி உனக்கு. காலையில் நேரத்தோடு வா, அழுக்கு மூட்டை குவிந்து கிடக்கிறது.

மேசை மேல் ஒரு நல்ல சட்டை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். உன் மேல் பாசம் என்று நினைத்துவிடாதே. பிள்ளை கேட்டுக்கொண்டாள்.

இப்படிக்கு,
உன் முதலாளியம்மா