காக்கைப் படம் போட்ட ஃபோல்டர்

எல்லோரும் முகக்கவசத்தைக் கழற்றிய வருஷம் அது. என் அடுக்குமாடி புளோக்கில் லிஃப்ட் மாற்றினார்கள். காசி படுக்கையில் விழுந்தான். அந்த வருஷந்தான் நீ நம் நான்கு பேரையும் உன் ஹேண்ட்ஃபோனுக்குள் அடுக்கினாய்.

இன்று காலை தேக்கா கோப்பிக்கடையில் என் ஃபோன் சிணுங்கியது. எனக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். ஆறு எண்கள் வந்திருந்தன. நீ போய் இரண்டு தீபாவளி ஆகிவிட்டது.

இதே மேசைதான். நம்மில் படித்தவன் நீ ஒருவன். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்துப் படங்கள், ஆஸ்பத்திரிக் காகிதங்கள், நாங்கள் பேசிய பேச்சு, எல்லாவற்றையும் கிளவுடில் ஏற்றினாய். ஃபோன் கடலில் விழுந்தாலும் அது அங்கே இருக்கும் என்றாய். பெயர் படிக்க முடியாத எங்களுக்காக ஆளுக்கொரு ஃபோல்டர், அதன்மேல் ஒரு படம். காசிக்கு மாடு, வேலுவுக்கு மீன், எனக்குக் குடை, உனக்குக் கெண்டி.

"மாடாடா நானு?" என்று காசி கத்தினான்.

"மீன்கூட மாத்திக்கிறியா? நாறும்" என்றாய்.

நாலு படத்தையும் கோப்பிக் கோப்பைப் படம் போட்ட பெரிய ஃபோல்டரில் வைத்தாய். காசி போனதும் மாட்டை எடுத்துக் காக்கைப் படம் போட்ட இன்னொரு ஃபோல்டருக்குள் வைத்தாய். "இனிமே அவனுக்குச் சோறு அங்கதான்." பிறகு வேலுவின் மீனையும்.

பூட்டுக்கு என் நம்பரைக் கொடுத்தாய். புது இடத்திலிருந்து யார் திறந்தாலும் ஆறு எண் எனக்குத்தான் வரும். உன் மகளுக்குக் கொடுக்கலாமே என்றேன்.

"அவ நம்பர மாத்திக்கிட்டே இருப்பா. நீதான் ஒரே நம்பர்ல ஒட்டிக்கிட்டு இருக்கே. ஃபோன்ல யாரு கேட்டாலும் சொல்லாதே. நானே கேட்டாலும் சொல்லாதே."

இன்று எண் வந்த கையோடு ஃபோன் அடித்தது.

"மாமா, ஒரு நம்பர் வந்திருக்கும். சொல்லுங்க, சீக்கிரம் லா!"

"யாரு?"

"செல்வி மாமா! குரல் தெரியலையா?"

"குரலை இப்ப யாரு வேணும்னாலும் போடுறாங்களாம். நேர்ல வா."

"அப்பா அக்கவுண்ட்ட ரெண்டு வருஷமா யாரும் தொடல. இன்னைக்குள்ள திறக்கலன்னா எல்லாத்தையும் அழிச்சிடுவாங்க!"

"அப்ப வேகமா வா."

கிளமெண்டியிலிருந்து எம்ஆர்டி ரயில் பிடித்து, கம்ப்யூட்டரைச் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தாள். முகம் சிவந்திருந்தது. "அப்பாகூட உங்கள மாதிரி படுத்தல மாமா." உன் மூக்குதான் அவளுக்கு. புதிதாக வந்த ஆறு எண்களையும் அவள் காதருகே சொன்னேன்.

திறந்தது. முதல் வேலையாக எல்லாவற்றையும் தன் கணக்குக்கு நகல் எடுத்தாள். மாடும் மீனும் காக்கைக்குள் பத்திரமாக இருந்தன. நீ மட்டும் இன்னும் கோப்பையிலேயே இருந்தாய்.

"அப்பாவ நான் மாத்தவா மாமா?"

"வேணாம்."

கெண்டியை நானே தொட்டு இழுத்தேன். விரல் வழுக்கி, நீ திரும்பக் கோப்பைக்கே போனாய். இரண்டாம் தடவை போய்விட்டாய். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கோப்பியில் ஆடை படிந்திருந்தது. எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தேன்.

நான் சொல்லச் சொல்ல இதைச் செல்விதான் தட்டுகிறாள். இதையும் கெண்டியோடு வைத்துவிடுவாள். நம்பரை நான் மாற்றப்போவதில்லை.

கோப்பைக்குள் குடை ஒன்றுதான் பாக்கி.

"பின்னால பாக்கிறவங்களுக்கு இது யாருன்னு தெரியணும்ல? பேர் போடுறேன். உங்க பேரு என்ன மாமா? நான் மாமான்னே கூப்பிட்டுட்டேன்."

மாரிமுத்து.