துணி இல்லாத அலமாரி

என் வாயாடிக்கு,

ஆபீஸ் வேலையை விட்டபின், உன் துணி அலமாரிக்குள் உட்கார்ந்துதானே விளம்பரங்களுக்குக் குரல் பதிவு செய்தேன்? உன் துணிகள் எதிரொலியை விழுங்கின. "ஃபேனை நிறுத்து, மூச்சு காட்டாதே" என்று நாள் முழுக்க உன்னை அடக்கினேன்.

நீ துணிமணியை வாரிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய் ஒன்பது நாள். மறுநாளே விளம்பரக் கம்பெனிக்காரர் கூப்பிட்டார். "என்ன சார், காலி வீட்ல பேசுற மாதிரி கேக்குது?"

இருப்புக் கொள்ளவில்லை. அலமாரிக்கும் வாசலுக்குமாக நடக்கிறேன்.

நேற்று போர்வைகளைத் தொங்கவிட்டேன். எதிரொலி போய்விட்டது, பதிவும் தேறிவிட்டது. அதனால் வேலைக்காகக் கூப்பிடுகிறேன் என்று நினைக்காதே.

ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது. மைக்கை அணைத்துவிட்டேன். வந்து வாய்விட்டுத் திட்டு.

இப்படிக்கு,
அலமாரியை விட்டு வெளியே வந்தவன்