சாணையில் உரசப்பட்ட கற்கத்தி

வெள்ளிக்கிழமை, இரவு.

முகம்மது ரபீக் ஆகிய நான், இன்று என் கற்கத்திக்கு நேர்ந்ததை ஒழுங்காகப் பதிந்துவைக்கவே எழுதுகிறேன்.

தொல்லியல் படிக்க நாளை பல்கலைக்கழக வளாகம் புறப்படும் மகளுக்காக அதைச் செய்தேன். படிகக்கல்லைச் சில்லுச் சில்லாகத் தட்டி விளிம்பெடுத்து, முதிரை மரப்பிடியில் பூங்கொடி செதுக்கியிருந்தேன். ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தால், மனைவியின் தம்பி நவாஸ் அதைச் சாணைக்கல்லில் உரசிக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் விருந்துக் கோழி. தட்டியெடுத்த கூர் உரசினால் மழுங்கிவிடும்.

“என்ன வேல பாக்காய் நவாஸ்?”

“கல்லால அறுத்தாலும் ஹலால்தான் எண்டு நீங்கதானே மச்சான் சொன்னீங்க?”

“அதுக்கு ஏன் தீட்டுறாய்?”

“தீட்டாம அறுத்தாக் கோழிக்கு நோகும் எண்டதும் நீங்கதான்.”

“இது கல்லுடா!”

“ஓம், அதான் கனநேரம் தீட்டினன்.”

மனைவி சிரித்துவிட்டாள். கோழியைக் குசினிக் கத்தியால் அறுத்தார்கள். நவாஸ் மீறிய விதி எதுவென்று மாலை முழுதும் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. அதனால்தான் எரிச்சல் அடங்க மறுக்கிறது.

விடியலில் சுபஹ் தொழுததும் செப்பு ஆணியால் அழுத்திச் சில்லு பெயர்த்துப் புது விளிம்பு எடுப்பேன். அலகு குட்டையாகும், பிடி பெரிதாகத் தெரியும். ஏனென்று மகள் கேட்டால், உன் மாமாவிடம் கேள் என்பேன்.