மெத்தையை எப்போது மாற்றுவது

அக்டோபர் 7
இவர் முதுகில் நாலணா அளவு இருந்த புண் இப்போது என் உள்ளங்கை அளவு. பக்கவாதம் வந்து படுத்து இரண்டு வருஷம். எங்கள் கல்யாணத்துக்கு அப்பா கொடுத்த இலவம்பஞ்சு மெத்தை. இந்தத் தூத்துக்குடி ஈரக்காற்றில் பஞ்சு கட்டி கட்டியாகி, நடுவில் பள்ளம். மெத்தையை மாற்றாமல் மருந்து போட்டு என்ன பிரயோசனம் என்று நர்ஸ் உமாராணி கேட்டுவிட்டுப் போனாள்.

அக்டோபர் 9
சாயர்புரத்திலிருந்து இவருடைய அக்கா ஜெயசெல்வி மதினி வந்திருந்தார்கள். புது மெத்தை வாங்கலாம் என்றேன். அடுப்படிக்குக் கூட்டிப்போய், "கொஞ்சம் பொறு ஈவா. செத்தவங்க படுத்த மெத்தையை வீட்டுல வச்சுக்கிட முடியுமா? புதுசையும் தூக்கிப் போடணும்லா" என்றார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் அதுதான். ஆனால் இவர் அறைக்கு ஒரு திரைச்சீலைதான் மறைப்பு. கேட்டிருப்பாரோ?

அக்டோபர் 11
யாரிடமும் கேட்காமல் மெத்தைக்குச் சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 13, ஞாயிறு
புது மெத்தை வந்தது. இவரை நாற்காலியில் உட்கார்த்திவிட்டு, பழசை வாசலில் சாய்த்து வைத்தோம். அவ்வளவுதான் செய்தேன். ஆராதனை முடிந்து கோயில் விட்டு வந்த பெண்கள் அதைப் பார்த்ததும் தலையில் போட்ட முக்காட்டோடு உள்ளே வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக் கிருபை அக்கா என்னைக் கட்டிக்கொண்டு, எப்போது, எப்போது என்று அழுதார்கள். திரைக்குப் பின்னால் நாற்காலியிலிருந்து இவர், "இன்னும் இல்லக்கா" என்றார். மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அவர்கள் போனபிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏளா, பழசையே போடு. நான் அதுலயே போயிருதேன். புதுசுல படுத்தா அதையும் வெளிய போட்டுருவாவ. அது உனக்கு இருக்கட்டும்."

அப்படியானால் அன்றைக்குக் கேட்டிருக்கிறார். சண்டை போட்டேன், அழுதேன். நாற்காலியை விட்டு அசையமாட்டேன் என்கிறார். புண்ணோடு எத்தனை நேரம் உட்காருவார்? கடைசியில் பழசைத்தான் போட்டேன்.

அக்டோபர் 20
இன்றும் கெஞ்சினேன். மாட்டேன் என்கிறார்.

நவம்பர் 4
புண்ணில் வாடை. காய்ச்சல். டாக்டர் வந்து ஊசி போட்டார். உமாராணி என்னைத்தான் திட்டினாள். திட்டட்டும். புது மெத்தை பிளாஸ்டிக் உறையோடு சுவரோரம் நிற்கிறது. தூக்கிப் போட்டா போடட்டுமே— எனக்கெதுக்கு மெத்தை? யார் கேட்டா?

நவம்பர் 22
முந்தாநாள் அடக்கம். நேற்றோடு எல்லாரும் போய்விட்டார்கள், மதினியைத் தவிர. அவர்கள்தான் உறையைப் பிரித்து மெத்தையை விரித்தார்கள். தரையில் படுக்கிறேன் என்றேன். தம்பி உனக்கென்று வைத்தது, படு என்றார்கள். படுத்தேன்.

காலையில் கண் விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. எங்கேயும் வலிக்கவில்லை. நல்ல தூக்கம். எனக்கே அசிங்கமாக இருக்கிறது.