மதிலுக்காகப் பேசினேன்

மொன்ட்ரியால்-நோர்

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி குறைந்ததா? எண்ணெய் தடவப் பஞ்சிப்படாதீர்கள், ஒரு நாளும் விடாமல் தடவுங்கள். நான் சுகம், குளிரும் பழகிவிட்டது.

பிரெஞ்சு வகுப்பில் ஒரு விவாதம் வைத்தார்கள். எல்லையில் மதில் கட்டினால் அது களவாக வருகிறவர்களைத் தடுக்குமா? சீட்டுக் குலுக்கியதில் எனக்குத் ‘தடுக்கும்’ என்ற பக்கம் விழுந்தது. ஊர்ப் பள்ளிக்கூடப் போட்டிக்குப் போல எல்லாவற்றையும் பாடமாக்கிக்கொண்டு போய், “நடுவர் அவர்களே!” என்று பிரெஞ்சில் முழங்கினேன். வரிசையில் நிற்காதவனுக்கு உள்ளே இடமில்லை என்றேன். சிரித்துக் கைதட்டினார்கள். நான்தான் வென்றேன்.

எதிர்ப்பக்கம் பேசியவள் ஹெயிட்டிக்காரி மார்லின். நானும் அவளைப் போலக் காட்டுப்பாதையால் நடந்து எல்லை தாண்டியவன் என்பது வகுப்பில் அவளுக்கு மட்டுமே தெரியும். அதைச் சொல்லியிருந்தால் அவள் வென்றிருப்பாள். சொல்லவில்லை. முடிந்ததும், “நன்றாகப் பேசினாய்” என்றுவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால், “என்ன கதை கதைச்சிட்டு வாறாய், தம்பி?” என்று கேட்டிருப்பீர்கள்.

மிளகாய்த்தூள் அனுப்பும்போது அவளுக்கும் ஒரு பை சேர்த்து அனுப்புங்கள். வேலைக்கு நேரமாகிறது, நிறுத்துகிறேன். மதிலுக்காக அவ்வளவு பிரெஞ்சு பேசிய எனக்கு, அவளிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, அம்மா.

உங்கள் மகன்,
ரதீசன்