பேச்சு வகுப்பில் பேசாத அப்பா

அன்புவழிபுரம்,
திருகோணமலை.

அன்புள்ள அப்பா,

உங்கள் முழங்கால் நோவு குறைந்ததா? நான் சுகமாக இருக்கிறேன், நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

துறைமுகத்துக்கு வரும் கப்பல்காரரோடு கதைக்கவேண்டும் என்று அலுவலகத்தில் எங்களுக்கு ஆங்கில வகுப்பு வைக்கிறார்கள். வெட்கம் போகட்டும் என்று வகுப்பு எடுக்கும் இன்பாஸ் சேர் ஆளுக்கொரு சினிமாப் பாத்திரம் தந்தார். என்னோடு வேலை செய்யும் றிஷானா வில்லனாகி, மேசையில் அடித்து ஆங்கிலத்தில் மிரட்டினாள். எனக்கு வந்தது, மகளைத் தூர ஊருக்கு அனுப்பும் அப்பா. படத்தில் அவர் பக்கம் பக்கமாகப் பேசுவார். எனக்கோ என்னை வழியனுப்ப வவுனியா பஸ் நிலையத்தில் நின்ற உங்களைத்தான் தெரியும். நீங்கள் செய்ததுபோலவே, மகளின் பை என்று றிஷானாவின் பையை வாங்கி, ஸிப் மூடியிருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு, பஸ் வரும் பக்கம் திரும்பி நின்றேன்.

“கதையுங்கோ தர்மிகா, இது பேச்சு வகுப்பு,” என்றார் சேர்.

“இந்த அப்பா கதைக்கமாட்டார், சேர்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அம்மா இடித்த மிளகாய்த்தூள் கொஞ்சம் அனுப்புங்கள். கடைத்தூளில் கறி ருசிக்கவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது, முடிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்குப் போன் எடுக்கும்போது, “இந்தா, அம்மாவோட கதை” என்று உடனே கொடுத்துவிடாதீர்கள் அப்பா. நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, கொஞ்ச நேரம் போனைக் காதில் வைத்திருங்கள்.

உங்கள் மகள்,
தர்மிகா