எதிரே நிற்பவர்களுக்காக

என் அவசரக்காரனுக்கு,

நீ வேலை பார்க்கும் ஊரின் நடனக் குழுத் தேர்வுக்குப் போய் வந்தேன். எல்லாரும் வலது காலை எடுத்து வைத்தார்கள், நான் இடதை. பழக்கதோஷம். குழந்தைகளுக்கு எதிரே நின்று, கண்ணாடிபோல மாற்றி ஆடிக் காட்டியே வளர்ந்த கால்.

தேர்வு நடத்திய அம்மா சிரித்துவிட்டார். "டீச்சராம்மா நீ? பாத்தாலே தெரியுது!"

குழுவில் இடம் கிடைக்கவில்லை. உன்னிடம் வரக் கட்டி வைத்திருந்த பெட்டியைப் பிரித்துவிட்டேன். எனக்கென்று நீ வாங்கிய தலையணைக்கு உறை போட்டு வை, தூசி படியும்.

இன்று வகுப்பில் நம் வாலு கேட்டாள்: "மிஸ், நீங்க போகலையா? அப்பாடா!" சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தேன். பிறகு இடது காலை எடுத்து வைத்தேன். எதிரே அவள் சரியாக வலதை வைத்தாள்.

விடுமுறைக்கு வா. வந்து என் எதிரே நில்.

உன்னுடைய,
இடதுகால்காரி